வலையில செஞ்ச கடலாமை ஏன் ஆறே மாசத்துல உதிருது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்துல ஓவிய ஆசிரியரா இருக்கிற ஒரு டீச்சர் அனுப்பினது. அவங்க எழுதினதை வாசிச்சிடறேன். "கரையில ஒதுங்கின வலை, கயிறு, மிதவை எல்லாத்தையும் பிள்ளைங்களோட சேர்ந்து பொறுக்கி, கம்பிக்கூடு கட்டி, ஒரு கடலாமை செஞ்சு பள்ளிக்கூட வாசல்ல வெச்சோம். ஆறு மாசம்தான் ஆச்சு. கம்பி துருப்பிடிச்சு வலையெல்லாம் காவி ஏறிடுச்சு. ஒரு பக்கம் தொங்குது. அடிச்ச பெயின்ட் உரியுது. மழை பேஞ்சா நாறுது. அடியில பச்சையா பொடி கொட்டிக் கிடக்கு. எங்க தப்பு பண்ணோம்?"

டீச்சர், நீங்க சொன்ன அஞ்சு கோளாறுல நாலு, பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். சரி பண்ணிடலாம். அந்தப் பச்சைப் பொடிதான் விஷயம். அது தூசி இல்ல. வலை வெயில்ல நொறுங்கி விழுற நுண்பிளாஸ்டிக். கடல்லேருந்து எடுத்ததை நாமளே பொடியாக்கி, மழைத்தண்ணியில வாய்க்கால் வழியா திரும்பக் கடலுக்கே அனுப்புறோம். முழு வலையா இருந்தப்பவாவது கையால எடுக்க முடிஞ்சுது. பொடியானதுக்கப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. அதனால அங்கேருந்தே தொடங்குறேன்.

கரையில ஒதுங்குறதுல ரெண்டு குடும்பம் இருக்கு. செவுள் வலை, தங்கூசி (நரம்பு மாதிரி ஒத்தை இழை) வலை எல்லாம் பெரும்பாலும் நைலான். படகு பின்னால இழுத்துட்டுப் போற இழுவலை பெரும்பாலும் பாலிஎத்திலின். பச்சை, நீலம், ஆரஞ்சுன்னு வர்ற மொரமொரப்பான கயிறு பாலிஎத்திலினா இருக்கும், இல்லன்னா பாலிபுரொப்பிலினா இருக்கும். கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. ரெண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, புரியைப் பிரிச்சு, ஒரு டம்ளர் நல்ல தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு, உள்ள அமுக்கிக் காத்துக் குமிழியெல்லாம் போக்குங்க. கையை எடுத்ததும் மேல வந்தா பாலிஎத்திலின் அல்லது பாலிபுரொப்பிலின். முங்கிப்போனா நைலான் அல்லது பாலியஸ்டர். சோப்பு போடாம, புரியைப் பிரிக்காம பார்த்தீங்கன்னா உள்ள மாட்டின காத்து நைலானையும் மிதக்க வெச்சுடும். கொளுத்தி மோந்து பார்க்கிற சோதனை வேண்டவே வேண்டாம், அதுவும் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு.

அடுத்து மடக்கிப் பார்க்கிறது. கயிறை ரெண்டு விரலுக்கு நடுவுல வளைச்சு நாலஞ்சு தடவை உருவுங்க. விரல்ல பொடி ஒட்டினாலோ, முள்ளு முள்ளா குத்தினாலோ, அந்தக் கயிறு வெயில்ல செத்துப்போச்சு. சிற்பத்துக்கு ஆகாது. ஒரு கண்ணாடிச் சீசாவுல போட்டு மூடி, ஆமை பக்கத்துலயே காட்சிக்கு வைங்க, அதுவும் சொல்ல வேண்டிய சேதிதானே. பாலிபுரொப்பிலின் கயிறுதான் வெயிலுக்குச் சீக்கிரம் தோத்துப்போறது. கறுப்பு நிறத்துல வர்றது கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், ஏன்னா அதுல கலந்திருக்கிற கரித்தூள் வெயிலைத் தானே வாங்கிக்கும். தெர்மோகோல் மிதவையைக் கிட்டவே சேர்க்காதீங்க. விரல் பட்டாலே உதிர்ற பொருள் அது.

இதுல நல்லா இருக்கிறதைப் பொறுக்கிச் செஞ்சாக்கூட வாசல் வெயில்ல வெச்சா அதே கதிதான். மேல வார்னிஷ் அடிச்சாத் தடுக்காதான்னு கேப்பீங்க. தடுக்காது. பாலிஎத்திலின் மேல வார்னிஷும் ஒட்டாது, பெயின்ட்டும் ஒட்டாது, கிளூகன் பசையும் பிடிக்காது. உங்க பெயின்ட் உரிஞ்சதுக்குக் காரணம் அதுதான். தோல் உரியுற மாதிரி உரிஞ்சு அதுவும் குப்பையோட சேரும். வலைக்கு இருக்கிற நிறமே போதும், பிரிச்சு அடுக்கிப் பார்த்தீங்கன்னா பச்சையிலேயே ஏழெட்டுச் சாயல் கிடைக்கும். வைக்கிற இடம் கூரைக்கு அடியில, நேர் வெயில் படாத வடக்குப் பார்த்த வராந்தாவா இருக்கட்டும், அறைக்குள்ளன்னா இன்னும் நல்லது.

இப்ப நாத்தத்துக்கும் துருவுக்கும் வருவோம். ரெண்டுக்கும் வேர் ஒண்ணு, சரியாக் கழுவாதது. வலையோட ஒவ்வொரு முடிச்சுக்குள்ளயும் உப்பு இருக்கு, செத்த பாசி, சிப்பி, கொட்டலசு (கல்லு, கட்டையில ஒட்டி வளர்ற சுண்ணாம்பு ஓட்டு உயிர்) இருக்கு. மழைக்காத்து வீசினா உப்பு ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் கம்பியை ஒட்டியே கிடக்கும்.

முதல்ல நிழல்ல ரெண்டு வாரம் காயப்போடுங்க. கொட்டலசு காய்ஞ்சு பிடி விட்டுடும், மரக்கட்டையால தட்டினா உதிரும். சீக்கிரம் போகணும்னு ஆசிட் ஊத்தாதீங்க, சுண்ணாம்பு கரையும், கூடவே நைலானும் பலம் இழக்கும். பிளீச்சிங் பவுடரும் நைலானுக்கு ஆகாது. அப்புறம் 200 லிட்டர் டிரம்முல நாலு கிலோ வலை. அதுக்கு மேல திணிக்காதீங்க. முதல் நாள் துணி சோப்பும் ரெண்டு கைப்பிடி சமையல் சோடாவும். அடுத்த மூணு நாள் தினமும் காலையில தண்ணி மாத்தணும். கழுவின தண்ணியை அப்படியே சாக்கடையில விடாதீங்க, பழைய வேட்டியை நாலா மடிச்சு வடிகட்டி ஊத்துங்க. வேட்டியில தங்குறதைப் பார்த்தா எதுக்குன்னு உங்களுக்கே புரியும்.

உப்பு போச்சான்னு பார்க்க ஒரு வழி. கடைசித் தண்ணியில ஒரு கரண்டி எடுத்து இரும்புத் தோசைக்கல்லு மேல ஒரு ஓரத்துல விடுங்க. வலை போடாத வெறும் கிணத்துத் தண்ணி ஒரு கரண்டி அடுத்த ஓரத்துல. ரெண்டும் காய்ஞ்சதும் வெள்ளைப் படிவு ஒரே அளவா இருந்தா வலையில உப்பு இல்ல. உங்க பக்கம் கிணத்துத் தண்ணியே உப்புக்கரிக்கும். அதனாலதான் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்றேன். முடிஞ்சா கடைசி அலசல் மழைத்தண்ணியில வெச்சுக்கோங்க.

கம்பிக்கூடு. துரு முதல்ல பிடிச்சது தடிக் கம்பியில இருக்காது, கட்டுக்கம்பியில இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத கம்பி, உப்பு வலையோட உரசிக்கிட்டு எத்தனை நாள் நிக்கும்? கட்டுக்கம்பியே வேண்டாம். வலையிலேருந்து பிரிச்ச நூலாலயே கட்டுங்க. கூட்டுக்கு 6 மில்லிமீட்டர் கம்பி போதும். ஓடு 65 சென்டிமீட்டர் நீளம்னா ஓர வளையம், முதுகுல நீளவாக்குல ஒண்ணு, குறுக்க நாலு விலா, நாலு துடுப்பு, தலை எல்லாம் சேர்த்து 9 மீட்டர், எடை ரெண்டு கிலோ வரும். வெல்டிங் முழுசா முடிஞ்சப்புறம்தான் துத்தநாக முலாம். முலாம் பூசின கம்பியை வாங்கி வெல்டிங் வெச்சா, வெச்ச இடத்துல முலாம் எரிஞ்சுபோகும், அந்தப் புகையும் உடம்புக்குக் கேடு. முலாம் போட வசதியில்லன்னா வெல்டிங் கசடை நல்லாத் தேய்ச்சு எடுத்துட்டு, ஜிங்க் பிரைமர் ஒரு கோட்டு, மேல எபாக்சி ரெண்டு கோட்டு. ஸ்டெயின்லெஸ்னா கடலோரத்துக்கு 316-ங்கிற ரகம், கடையில சாதாரணமாத் தர்ற 304 ரகம் இங்க பழுப்புக் கறை பிடிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸையும் சாதா இரும்பையும் ஒண்ணோட ஒண்ணு தொடவிடாதீங்க, இரும்பு வேகமா அரிச்சுப்போகும். அறைக்குள்ள வைக்கிற ஆமைக்குப் பிரம்புக் கூடே போதும். எனக்குக் கேட்டா அதுதான் அழகும்கூட.

ஒரு பக்கம் தொங்கினதுக்குக் காரணம், அந்தப் பக்கம் நைலான் வலையா இருந்திருக்கணும். நைலான் தண்ணி குடிக்கும், குடிச்சா நீளும். பாலிஎத்திலின் குடிக்காது. கோடையில விறைப்பா கட்டின நைலான் ஐப்பசி மழையில தளர்ந்துடும். அதனால நைலானை நனைச்சு, ஈரத்தோட இழுத்துக் கட்டணும், காயும்போது தானே விறைக்கும். தங்கூசி வழுக்கும், ஒத்தை முடிச்சு நிக்காது, ரெண்டு சுத்துப் போட்டு முடியணும்.

இனி வடிவம். பெரும்பாலான சிற்பங்கள்ல இங்கதான் தப்பு நடக்குது, நானும் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். நம்ம கரைக்கு முட்டையிட வர்றது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). ஆனா படத்தைப் பார்த்துச் செய்யறவங்க செய்யறது பேராமை (பச்சை ஆமை). முதுகோட்டைப் பார்த்தா தெரிஞ்சிடும். நடு வரிசைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தகடு பேராமைக்குப் பக்கத்துக்கு நாலு. பங்குனி ஆமைக்குப் பக்கத்துக்கு அஞ்சுலேருந்து ஒன்பது வரைக்கும், பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டு. ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா இருக்கணும்னுகூட இல்ல, இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஆறுன்னும் இருக்கும். ஓடு நீட்டமா இருக்காது, நீளமும் அகலமும் ஏறக்குறைய சமம். நிறம் சாம்பல் கலந்த பாசிப்பச்சை. 2025 ஜனவரியில சென்னைக் கரையில ஆயிரத்துக்கும் மேல செத்து ஒதுங்கினது இந்த ஆமைதான். அதுக்கு நினைவா ஒண்ணு செய்யும்போது அதோட முகத்தையாவது சரியாச் செய்யணும் இல்லையா.

தகடு ஒவ்வொண்ணையும் தனித்தனியாச் செய்யுங்க. அட்டையில வடிவம் வெட்டிக்கோங்க, பத்துக்குப் பதினஞ்சு சென்டிமீட்டர். 4 மில்லிமீட்டர் கயிறை நடுவுலேருந்து சுருள் சுருளாச் சுத்தி, அதே கயிறோட ஒரு புரியால ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தையல் போடுங்க. ஒரு தகட்டுக்கு நாலு மீட்டர் கயிறு பிடிக்கும். அஞ்சு நடுத்தகடு, பதிமூணு பக்கத்தகடுன்னா எழுபத்து ரெண்டு மீட்டர். ஓரத்தகடு தனி. நுனியைத் தீப்பெட்டியால சுட்டு உருக்காம, மூணு சென்டிமீட்டர் உள்ள செருகித் தைங்க. கத்தரிக்கிறதைக் குறைச்சு, முடிச்சைப் பிரிங்க. ஒவ்வொரு வெட்டும் நார் உதிர்க்கும். வெட்டித்தான் ஆகணும்னா கீழ ஈரத்துணி விரிச்சு வெட்டுங்க.

கூட்டு மேல முதல்ல இழுவலையைப் போர்த்திக் கட்டி, அதுல தகடுகளை நாலு மூலையில முடிஞ்சிடுங்க. ஏன் இழுவலைன்னா, ஆமைக்கு மூச்சு விட மேல வந்தே ஆகணும், இழுவலைக்குள்ள மாட்டினா வர முடியாம மூழ்கித்தான் சாகுது. அந்த வலையே அதோட ஓடா ஆகுறதை விளக்கப் பலகையில ரெண்டு வரி எழுதுங்க. ஆஸ்திரேலியாவுக்கு வடக்க டாரஸ் நீரிணையில எரூப் தீவுக் கலைஞர்கள் கைவிடப்பட்ட வலையில ஆமையும் மீனும் செய்யறாங்க. சிங்கப்பூர் அருங்காட்சியகம் வரைக்கும் போன வேலை அது. அதுலயும் வலையைப் பிரிச்சு, சுத்தி, தைச்சுத்தான் உருவம் வருது.

பொறுக்குறதுல மூணு எச்சரிக்கை. கரையில கிடக்கிற வலையெல்லாம் கைவிட்டது இல்ல. காயப்போட்டிருப்பாங்க, கிழிசலைச் சரி பண்ணிக்கிட்டிருப்பாங்க. அங்க இருக்கிற அண்ணன்மாரைக் கேக்காம தொடாதீங்க. கேட்டா அவங்களே நல்ல வலையாத் தருவாங்க. ரெண்டாவது, தை மாசத்துலேருந்து சித்திரை வரைக்கும் மணல்ல புதைஞ்ச வலையைத் தோண்டி இழுக்காதீங்க, முக்கால் முழம் ஆழத்துல முட்டை இருக்கும். மூணாவது, கண்ணுக்கு, மூக்குக்குன்னு பவளத்துண்டு, கடல் விசிறி, ஆமை ஓடு எதையும் ஒட்டாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இதெல்லாம் முதல் அட்டவணையில வருது. செத்துக் கரை ஒதுங்கினதுன்னாலும் வெச்சிருக்கிறது குத்தம். மன்னார் வளைகுடாவோட 21 தீவும் தேசியப் பூங்கா, அங்க போய் எதையும் எடுக்கக் கூடாது. கண்ணுக்குக் கறுப்புக் கயிறு ஒரு சுருள் போதும்.

கேரளாவுக்கு அப்பால 2025 மே மாசம் முங்கின கப்பல்லேருந்து கன்னியாகுமரிக் கரைக்கு வந்த வெள்ளை பிளாஸ்டிக் குருணையைப் பயன்படுத்தலாமான்னு வேற சிலரும் கேட்டிருந்தீங்க. கையுறை போட்டு எடுத்து, மூடின சீசாவுக்குள்ள காட்டுங்க. உருக்காதீங்க, ஒட்டாதீங்க.

டீச்சர், இப்ப உங்க வாசல்ல இருக்கிற ஆமைக்கு: அதை இந்த வாரமே உள்ள எடுத்துடுங்க, தூக்குறதுக்கு முன்னாடி அடியில தார்ப்பாயைச் செருகிட்டுத் தூக்குங்க. தரையில கிடக்கிற பொடியைத் துடைப்பத்தால பெருக்கினா பறக்கும், ஈரத்துணியால ஒத்தி எடுங்க. வலையைப் பிரிச்சு மடக்கிப் பாருங்க. பெயின்ட் பட்டதும் பொடி விடுறதும் சாக்குல தனியா. நல்ல நைலான் ஒரு கட்டு, நல்ல பாலிஎத்திலின் ஒரு கட்டு. கலந்து கட்டினா நாளைக்குப் பழைய வலை எடுக்கிறவங்க வாங்க மாட்டாங்க, பிரிஞ்சிருந்தா நைலானுக்கு விலையே உண்டு. தடிக் கம்பியைச் சுரண்டிப் பாருங்க. மேல்துரு மட்டும்னா தேய்ச்சு பிரைமர் அடிச்சு அதே கூட்டையே வெச்சுக்கலாம். ஆனா விலா நாலா, ஓடு வட்டத்துக்குக் கிட்ட வருதான்னு ஒரு தடவை அளந்துட்டு ஆரம்பிங்க.