ஃபேன் ஆர்ட்ல தலைக்குப் பின்னாடி வர்ற அந்த வட்டம் எங்கேருந்து வந்துச்சு?

(திரையில: வட்டமும் பூவும் சுத்தி நிக்கிற கேரக்டர் ஓவியங்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா)

வணக்கம் மக்களே. உங்களுக்குப் பிடிச்ச அனிமே கேரக்டரோ கேம் கேரக்டரோ பாடகரோ, யாரா இருந்தாலும் அவங்க ஃபேன் ஆர்ட்டை, அதாவது ரசிகருங்க வரைஞ்ச ஓவியத்தை தேடிப் பாருங்க, தலைக்குப் பின்னாடி பெரிய வட்டம், மேல ஒரு வளைவு, தடியா கறுப்புக் கோடு, நடுவுல கலர் கலரா கண்ணாடி மாதிரி நிரப்பினது, இப்படி ஒரு படமாவது கண்டிப்பா மாட்டும். இந்த ஸ்டைலோட வேரு நேரா சர்ச்சுக்குள்ள போகுது, போற வழியில அல்ஃபோன்ஸ் முஹாங்கிற செக் நாட்டு ஓவியர் நிக்கிறாரு.

சின்னப் பையனா இருக்கும்போது ப்ர்னோ ஊரு சர்ச்ல பாட்டுக்குழுவுல பாடினவரு இவரு. 1894 கடைசியில பாரிஸ்ல சாரா பெர்ன்ஹார்ட்ங்கிற பெரிய நாடக நடிகைக்கு ஒரு போஸ்டர் வரையிற வேலை இவர் கைக்கு வருது, 1895 ஜனவரியில அது சுவருக்கு வருது.

(திரையில: அந்த போஸ்டர், மெதுவா கீழேருந்து மேல)

ரெண்டு மீட்டருக்கு மேல உயரம், ஒடுக்கமான பேப்பர், ஆளு உயரத்துக்கு ஒரு பொம்பள நிக்கிறாங்க, கையில குருத்தோலை, தலையில பூ, பின்னாடி சர்ச் சுவர்ல பதிக்கிற மொசைக் கல்லு மாதிரி, அதுக்கு மேல வளைவா அவங்க பேரு. புனிதருக்குப் போடுற ஒளிவட்டத்தை ஒரு ஸ்டாருக்குப் போட்டுட்டாரு! ரசிகருங்க ராத்திரியோட ராத்திரியா சுவர்லேருந்து அதை வெட்டி எடுத்துட்டுப் போனதா சொல்லுவாங்க. அதே முஹா பின்னாடி பிராக்ல இருக்கிற புனித விட்டஸ் பேராலயத்துக்கு ஒரு ஜன்னல் டிசைன் பண்றாரு, 1931ல அது வருது, அதுலயும் அதே முகங்கள், அதே கோடு. எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கிறதுக்குக் காரணமே இதுதான், ஸ்டாருக்கு ஒரு கை புனிதருக்கு ஒரு கைன்னு இவரு பிரிச்சு வச்சுக்கவே இல்ல.

சரி, வட்டத்தை விடுங்க, கையில என்ன இருக்குன்னு பாருங்க. பழைய சர்ச் ஓவியத்துல முகத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது, எல்லா முகமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அம்பு குத்தியிருந்தா செபஸ்தியார், சாவி இருந்தா பேதுரு, பக்கத்துல முள்ளுச் சக்கரம் இருந்தா கத்தரீனா, தட்டுல ரெண்டு கண்ணு இருந்தா லூசியா. காஸ்ப்ளே பண்றவங்களுக்கு, அதாவது கேரக்டர் மாதிரி வேஷம் போடுறவங்களுக்கு, இதை விளக்கவே வேண்டாம், விக்கும் கையில இருக்கிற ஆயுதமும் சரியா இருந்தா தூரத்துலயே பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க.

(திரையில: கோபுரத்து மேல இருக்கிற கல் உருவங்கள்)

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கு, சினிமா, கார்ட்டூன் கேரக்டருங்க சர்ச்சுக்குப் போயிருக்காங்க. வாஷிங்டன் தேசிய பேராலயத்துல வடமேற்கு கோபுரத்து மேல ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடர் தலை இருக்கு, 1980கள்ல குழந்தைங்களுக்கு வச்ச போட்டியில மூணாவது பரிசு வாங்கின ஐடியா அது, கீழேருந்து பாக்கணும்னா பைனாகுலர் வேணும். பிரான்ஸ்ல நான்ட் நகரத்துக்குப் பக்கத்துல பெத்லகேம் சாப்பல்னு ஒரு சின்ன தேவாலயம், 1990கள்ல புதுப்பிக்கும்போது சிற்பி அங்க கிரெம்லின்ஸ் படத்துக் குட்டிப் பூதம், ஏலியன் பட மிருகம், ஜப்பான் கார்ட்டூன் ரோபோ கோல்டோராக்னு செதுக்கி வச்சுட்டாரு. இதெல்லாம் அவமரியாதைன்னு கோபப்படுறவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல, ஏன்னா பேயும் பூதமும் விசித்திர மிருகமும் சர்ச்சோட வெளிச்சுவர்ல எப்பவுமே இருந்திருக்கு, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச பூதம் இதுங்கதானே. பீடத்து மேல கொண்டுபோய் வச்சா அது வேற பேச்சு.

இப்ப வரையிறவங்களுக்கு. ஸ்டெயின்டு கிளாஸ், அதாவது சர்ச் ஜன்னல்ல இருக்கிற கலர் கண்ணாடி, அந்த ஸ்டைல் ஃபேன் ஆர்ட்ல பாதிக்கு மேல நிஜக் கண்ணாடியில செய்யவே முடியாது, அதுக்குக் காரணம் கோடு.

(திரையில: ஒரு கண்ணாடித் துண்டு, வெட்டுற கோடு, ஈயப்பட்டை)

கண்ணாடியை உருக்கும்போதே உலோக ஆக்சைடு கலந்து கலர் ஏத்துவாங்க, நீலத்துக்கு கோபால்ட் மாதிரி. அப்புறம் துண்டு துண்டா வெட்டி, ரெண்டு பக்கமும் பள்ளம் இருக்கிற ஈயப்பட்டைக்குள்ள சொருகி, மூலையில சால்டர் (பத்தவைப்பு) வைப்பாங்க. நாம பாக்கிற கறுப்புக் கோடு அந்த ஈயம்தான். கண்ணாடியில கீறல் போட்டு உடைக்கும்போது அது ஒரு ஓரத்துலேருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் போகும், பாதியில நிக்காது. அதனால எந்த ஈயக்கோடும் துண்டுக்கு நடுவுல அந்தரத்துல முடியக்கூடாது, இன்னொரு கோட்டையோ ஃபிரேமையோ போய்த் தொடணும். உள்பக்கமா ஆழமா வளையிற ஷேப்பும் வேண்டாம், வெட்டும்போதே விரிசல் விட்டுடும், அங்க ரெண்டு துண்டா பிரிச்சுடுங்க.

அப்போ கண்ணு, மூக்கு, துணி மடிப்புக்கெல்லாம் என்ன பண்றது? அதுக்கு ஈயம் கிடையாது, கண்ணாடித்தூளும் இரும்பு இல்லன்னா செம்பு ஆக்சைடும் கலந்த பழுப்புக் கறுப்பு பெயின்ட்ல வரைஞ்சு சூளையில சுடுவாங்க. அதனால முகத்துக்குள்ள கோட்டை மெல்லிசா வைங்க, வெளிக்கோட்டைத் தடியா வைங்க, இந்த ஒரு வித்தியாசம் வந்தாலே படம் நிஜ ஜன்னல் மாதிரி நிக்கும்.

இன்னொரு தந்திரம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 14ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலேருந்து வெள்ளி கலந்த ஒரு பூச்சு ஐரோப்பா சர்ச் ஜன்னல்ல வர ஆரம்பிச்சது, வெறும் வெள்ளைக் கண்ணாடியில பூசிச் சுட்டா அந்த இடம் மட்டும் மஞ்சளாயிடும். முகம், பொன் முடி, ஒளிவட்டம் மூணும் ஒரே துண்டு, நடுவுல ஈயமே வேண்டாம். உங்க கேரக்டருக்கு மஞ்ச முடின்னா முகத்துக்கும் முடிக்கும் நடுவுல அந்தத் தடிக்கோட்டை எடுத்துட்டு ஒரு தடவ வரைஞ்சு பாருங்க, வரைஞ்சதை கமென்ட்ல போடுங்க.