துணையைத் தேடிக் கூவும் காட்டு வாத்து

[காட்சி: விடியற்காலை. மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு, கரையில் புல்வெளி. மேலே ஒற்றை வாத்து பறக்கிறது. பின்னணியில் அதன் குரல் மட்டும்.]

இந்தக் குரலைக் கொஞ்சம் கேளுங்கள். மூன்று அசை. சின்ன இடைவெளி. மறுபடி மூன்று அசை. கண்ணுக்கு எட்டாத துணையைக் கூப்பிடும் குரல் இது. பதில் வந்தால் நின்றுவிடும். இந்த வாத்துக்குப் பதில் வரவில்லை.

இடம், ஆஸ்திரியாவின் ஆல்ம் பள்ளத்தாக்கில் இருக்கும் க்ரூனாவ். பறவையின் பெயர் கிரேலாக். தமிழில் டக், கூஸ் இரண்டையும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம், இது கூஸ். நீளக் கழுத்து, சாம்பல் உடம்பு, ஆரஞ்சு அலகு, சுமார் 3 கிலோ எடை.

1973-இல் விலங்கியல் அறிஞர் கான்ராட் லோரன்ஸ் தன் வாத்துக் கூட்டத்தோடு இங்கே குடிவந்தார். நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருடம்தான். 1989-இல் அவர் இறந்துவிட்டார். கூட்டம் இன்னும் அங்கே சுதந்திரமாகப் பறக்கிறது. வாத்துகளின் காலில் வண்ண வளையங்கள். அவற்றை வைத்து எது எதன் பிள்ளை, எதற்கு எது ஜோடி, எது துணையை இழந்தது என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவருகிறார்கள்.

[காட்சி: புல்வெளியில் ஓர் ஆண் வாத்து இன்னொன்றை விரட்டுகிறது. திரும்பி வருகிறது. நிதானமாகக் காட்டவும்.]

ஜோடி எப்படிச் சேர்கிறது? ஆண் போய் ஒரு போட்டியாளனை விரட்டும். திரும்பி வரும்போதுதான் கவனிக்க வேண்டும். கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, சத்தம் போட்டுக்கொண்டே பெண்ணிடம் வரும். ஆனால் அலகு பெண்ணுக்கு நேராக இருக்காது, சற்று விலகி அவள் தோளைத் தாண்டிப் போகும். நேராக நீட்டினால் அது மிரட்டல். விலக்கி நீட்டினால் பாசம். பெண்ணும் அப்படியே கழுத்தை நீட்டி, கூடச் சேர்ந்து கத்தத் தொடங்கினால் இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆய்வாளர்கள் இதை வெற்றிச் சடங்கு என்கிறார்கள். ஒரு நாள் கூத்து இல்லை இது. சண்டை முடிந்து வந்தாலும் சரி, கொஞ்ச நேரம் பிரிந்து சேர்ந்தாலும் சரி, வருடக்கணக்காக நடந்துகொண்டே இருக்கும்.

இந்த உறவுக்கு ஒரு வயிற்றுக் காரணமும் உண்டு. புல்லில் சத்து குறைவு; மணிக்கணக்கில் தலையைக் குனிந்து மேய்ந்தால்தான் முட்டையிடத் தெம்பு வரும். அவள் குனிந்து மேயும்போது அவன் தலை நிமிர்ந்து காவல் நிற்கிறான். சுமார் 28 நாள் அவள் அடைகாக்கும்போதும் அவன் பக்கத்திலேயே இருக்கிறான்.

சரி, இதெல்லாம் வெளியே தெரிவது. உள்ளே?

[காட்சி: இதயத்துடிப்பு வரைகோடு.]

இதே கூட்டத்தில் சில வாத்துகளின் உடலுக்குள் சிறு கருவி வைத்து இதயத்துடிப்பை அளந்தார்கள். 2008-இல் வெளியான முடிவு இது: இடி இடித்தபோதும் வண்டி கடந்தபோதும் துடிப்பு ஏறியதைவிட, மற்ற வாத்துகள் சண்டை போடுவதைச் சும்மா பார்த்தபோது அதிகம் ஏறியது. சண்டையில் இருப்பது தன் துணையோ குடும்பமோ என்றால் இன்னும் அதிகம். நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகராத வாத்தின் நெஞ்சு அவ்வளவு வேகமாக அடித்திருக்கிறது. இதைப் படித்த பிறகு, பறவைக்கு என்ன தெரியப்போகிறது என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

அந்தத் துணை போய்விட்டால்?

முதலில் தேடல். இரவு பகல் பார்க்காமல், இருவரும் இருந்த இடங்களுக்கெல்லாம் பறந்து போய்க் கூவும். அப்புறம் அடங்கிவிடும். லோரன்ஸ் கண்ட மாற்றங்கள் உடம்பிலேயே தெரிபவை: தலை தொங்கும், தசை தளரும், கண்கள் உள்வாங்கும். நேற்றுவரை இந்த ஜோடியைக் கண்டு ஒதுங்கிய இளசுகள்கூட இன்று வந்து விரட்டும். துணையை இழந்தது எதிர்த்து நிற்காமல் விலகிப் போகும். கூட்டத்தில் இருந்த மதிப்பு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது அல்லவா. சில வாத்துகள் பழையபடி பெற்றோரிடமோ கூடப்பிறந்தவர்களிடமோ போய் ஒண்டிக்கொள்ளும். இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கனத்துப்போனது.

ஆயுள் முழுக்க ஒரே துணை என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இழந்த பறவைகளில் பல, காலம் போனபின் மறுபடி ஜோடி சேர்கின்றன. இருவரும் உயிரோடு இருக்கும்போதே பிரிவதும் உண்டு, ஆனால் அபூர்வம். வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளில் பார்னக்கிள் என்ற இன்னொரு கூஸ் வகையில் அது வருடத்துக்கு நூற்றுக்கு 2 ஜோடி அளவுதான்.

[காட்சி: குளம். வரித்தலை வாத்துகள்.]

கிரேலாக்கின் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் பக்கம் வருகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து. அதுவும் ஜோடியாக வாழும் பறவைதான். போனால் மொத்தக் கூட்டத்தையும் படம் பிடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு வாத்தை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். அது தலையைக் குனிந்ததும் பக்கத்தில் எது தலையை நிமிர்த்துகிறது என்று தேடுங்கள். கரையோரம் எதுவாவது தனியாக நின்றால், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.