எதற்கு நாள், யாருக்கு நாள்: சீனப் பஞ்சாங்கத்தின் ஒரு தாள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பினாங்கில் அச்சகத் தொழிலில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஆண்டின் பிற்பாதி வந்துவிட்டால் எங்கள் அச்சகத்தில் இரவு பகலாக நடக்கும் வேலை, நாள்தோறும் ஒரு தாளைக் கிழிக்கும் சீன நாள்காட்டி வேலைதான். விரல் பட்டால் கசங்கும் மெல்லிய தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தேதி. ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறைக்கும் சிவப்பு மை. தேதிக்குக் கீழே எறும்பு வரிசைபோல் பொடி எழுத்துகள். அந்தப் பொடி எழுத்துகளின் தலைப்பில் இரண்டு சொற்கள் சற்றுப் பெரிதாக நிற்கும். ஒன்று ‘யி’, அதாவது ‘செய்யத் தகும்’. மற்றொன்று ‘ஜி’, அதாவது ‘தவிர்க்க’. சீனர்கள் நல்ல நாள் பார்ப்பதன் சாரம் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கு அடியில் இருக்கிறது.

நம்மவர்கள் அந்தத் தாளைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, ‘இன்றைக்கு நல்ல நாளா?’ என்பதுதான். அந்தக் கேள்விக்குத் தாளில் விடை கிடையாது. ‘யி’ என்பதன் கீழே வேலைகளின் பெயர்கள் இருக்கும்: திருமணம், குடிபுகுதல், கடை திறத்தல், மண் தோண்டுதல், கட்டில் போடுதல், முடி வெட்டுதல், உத்தரம் ஏற்றுதல், அடக்கம் செய்தல். ‘ஜி’ என்பதன் கீழேயும் அதே வேலைகளில் வேறு சில இருக்கும். எதற்கு நாள், யாருக்கு நாள் என்று கேட்டால்தான் அந்தத் தாள் பேசும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அடிப்படையில் இருப்பது ஒரு எண்ணிக்கை. பத்துத் தண்டுகள், பன்னிரண்டு கிளைகள் என்று பெயர் கொண்ட இரண்டு குறி வரிசைகள். இரண்டும் சேர்ந்து நடந்தால் 60 அடிகளுக்குப் பிறகு மீண்டும் முதல் இணைக்கு வந்து சேரும். பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகளை எண்ணும் நமக்கு இது புதிதன்று. அவர்களுடைய இப்போதைய சுற்று 1984இல் தொடங்கியது. நம்முடைய பிரபவ 1987இல் பிறந்தது. ஆனால் அவர்கள் ஆண்டோடு நிற்கவில்லை. மாதத்தையும் நாளையும் இரண்டு மணி நேரம் கொண்ட பொழுதையும் இதே அறுபதால்தான் எண்ணுகிறார்கள். நாளை இப்படி எண்ணும் வழக்கம் 3,000 ஆண்டுகளுக்கு முந்திய ஷாங் அரசர்களின் காலத்திலேயே, குறி கேட்பதற்காக ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் பொறித்த எழுத்துகளில் காணப்படுகிறது. பன்னிரண்டு கிளைகளுக்கும் எலி, எருது, புலி, முயல் என்று விலங்குகள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். குதிரை ஆண்டு, பாம்பு ஆண்டு என்று புத்தாண்டுக் காலத்தில் கேள்விப்படுகிறோம். ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலங்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாள் பார்ப்பதில் ஆண்டின் விலங்கைவிட நாளின் விலங்குக்கே வேலை அதிகம்.

இந்த இடத்தில் நான் செய்யவிருந்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாளிலும் பன்னிரண்டு சொற்களில் ஒன்று வரும். நிறுவல், அகற்றல், நிறைவு, சமன், நிலைபேறு, பற்றல், உடைவு, ஆபத்து, கைகூடல், சேகரம், திறப்பு, அடைப்பு என்று தமிழில் அவற்றைச் சொல்லலாம். இவை வரிசை தவறாமல் நாளுக்கு ஒன்றாகச் சுற்றி வரும். ஓராண்டு மெய்ப்புத் திருத்தும்போது, பிப்ரவரித் தொடக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு தாள்களில் ஒரே சொல் இருப்பதைக் கண்டேன். அச்சுக் கோத்தவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று எண்ணி இரண்டாவதைச் சிவப்பு மையால் அடித்து அடுத்த சொல்லை எழுதினேன். அதற்குப் பின்வரும் எல்லாத் தாள்களையும் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு தாள்கள் திருத்திய பிறகுதான் நாள்காட்டிக்காரரின் பக்கத்திலிருந்து சரிபார்க்க வரும், ஹொக்கியன் என்னும் சீன மொழி பேசும் பெரியவர் வந்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இடது கையை விரித்து, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார்.

அவர் காட்டியது இதுதான். பன்னிரண்டு சொற்களின் தொடக்கம் மாதத்தின் விலங்கைப் பொறுத்தது. புலி மாதத்தில் புலி நாள் ‘நிறுவல்’. முயல் மாதத்தில் முயல் நாள் ‘நிறுவல்’. அங்கிருந்து எண்ணிக்கை ஓடும். மாதம் மாறும் அன்று நாளின் விலங்கும் ஓர் அடி முன்னே போகிறது, மாதத்தின் விலங்கும் ஓர் அடி முன்னே போகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மாறவில்லை. ஆகவே நேற்றைய சொல்லே இன்றும் நிற்கிறது. 2026ஆம் ஆண்டில் பிப்ரவரி 3, 4 ஆகிய இரண்டு நாள்களும் இப்படித்தான் ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்லைச் சுமந்தன.

பிப்ரவரி 4 அமாவாசை நாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். சீனர்களுடைய பண்டிகைகள் சந்திரனைப் பின்பற்றுகின்றன. அவர்களுடைய மாதம் அமாவாசை அன்று பிறக்கிறது. 29 அல்லது 30 நாள் கொண்டது. பருவத்தோடு ஒட்டி நடப்பதற்காக 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மிகை மாதம் சேர்க்கிறார்கள். ஆனால் நல்ல நாள் பார்ப்பதற்கான மாதம் அந்தச் சந்திர மாதம் அன்று. சூரியனுடைய ஓட்டத்தை 24 கூறுகளாக்கி, அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 12 குறிகளில் மாதத்தைத் தொடங்குகிறார்கள். அவற்றில் முதலாவது ‘லிச்சுன்’ எனப்படும் வசந்தத் தொடக்கம். பிப்ரவரி 4ஐ ஒட்டி வரும். சந்திர நாள்காட்டி என்று நாம் அழைக்கும் ஒன்றில் சுப காரியத்துக்கான கணக்கு சூரியனைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இதை அறியாமல் ‘இது சந்திர மாதம் முதல் தேதி, அதனால் புது மாதக் கணக்கு’ என்று எண்ணுகிறவர்கள் பல நாள்களைத் தவறாக எண்ணுவார்கள்.

பன்னிரண்டு சொற்களுக்குத் திரும்புவோம். மாதத்தின் விலங்குக்கு நேர் எதிரே நிற்கும் விலங்கின் நாள் ‘உடைவு’. திருமணம், கடை திறப்பு எதற்கும் ஆகாது என்பார்கள். ஆனால் பழைய வீட்டை இடிக்க வேண்டுமா, மதிற்சுவரைத் தகர்க்க வேண்டுமா, அந்த நாள்தான் வேண்டும். ‘அகற்றல்’ நாள் வீட்டைக் கழுவித் துடைக்கவும், நோய்க்கு மருத்துவரைப் பார்க்கவும் உகந்தது. ‘அடைப்பு’ நாளில் கடை திறக்க மாட்டார்கள். வெடிப்பைப் பூசுவார்கள், கரையை அடைப்பார்கள். நாளுக்கு ஓர் இயல்பு இருக்கிறது, அந்த இயல்போடு ஒத்துப்போகிற வேலையை அதற்குக் கொடுக்க வேண்டும் என்பதே இதன் உள்ளே ஓடும் எண்ணம். இது பிற்காலத்துப் புனைவும் அன்று. 1975 டிசம்பரில் ஹூபெய் மாநிலத்து யுன்மெங்கில், ஷுய்ஹுதி என்னும் இடத்தில், கி.மு. 217ஐ ஒட்டி அடக்கம் செய்யப்பட்ட சின் அரசின் சிறு அதிகாரி ஒருவருடைய கல்லறை திறக்கப்பட்டது. அவரைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள் இருந்தன. சட்டச் சுவடிகளோடு நாள் பார்க்கும் சுவடிகளும் அவற்றில் இருந்தன. இந்தப் பன்னிரண்டு நாள் முறையின் பழைய வடிவம் அவற்றிலேயே இருக்கிறது. சட்டம் பார்த்துத் தீர்ப்பு எழுதிய மனிதர் நாளும் பார்த்திருக்கிறார்.

அடுத்தது, யாருக்கு என்ற கேள்வி. ஒவ்வொரு தாளிலும் ஒரு விலங்கோடு ‘மோதல்’ என்று குறித்திருப்பார்கள். எலிக்குக் குதிரை, எருதுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி என்று ஆறு எதிரெதிர் இணைகள். கூடவே அன்று ஆகாத திசையும் இருக்கும்; நம் நாள்காட்டியில் சூலம் பார்ப்பவர்களுக்கு அது விளங்கும். 2026இன் சீனப் புத்தாண்டு நாளான பிப்ரவரி 17ஐ எடுத்துக்கொள்வோம். புலி மாதத்தில் நாய் நாள். புலியிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது சொல், ‘கைகூடல்’. எடுத்த காரியம் நிறைவேறும் என்பது அதன் பொருள். ஆனால் நாய்க்கு எதிரே டிராகன் நிற்கிறது. 1964லோ 1976லோ டிராகன் ஆண்டில் பிறந்தவருடைய வீட்டுக் காரியம் என்றால், அதே நாளை விட்டுவிடுவார்கள். சந்திராஷ்டமம் பார்க்கும் நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

தாளில் 28 நட்சத்திர வீடுகளில் ஒன்றும் இருக்கும். நம் கார்த்திகை அங்கே ‘மாவ்’ என்ற பெயரில் இருக்கிறது; அதே ஆறு மீன் கூட்டம். ஆனால் அன்றைய இரவு சந்திரன் எங்கே நிற்கிறது என்று பார்த்து அதை எழுதுவதில்லை. 28 நாள் சுழற்சியாக எண்ணிக்கொண்டே போகிறார்கள். 28 என்பது சரியாக நான்கு வாரம் ஆதலால் ‘மாவ்’ என்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வரும்.

இவற்றோடு, 800 ஆண்டு வாழ்ந்ததாகக் கதை சொல்லப்படும் பெங்சூவின் பெயரில் வழங்கும் விலக்குகளும் உண்டு. முயல் நாளில் கிணறு தோண்டாதே, தண்ணீர் சுவைக்காது. பாம்பு நாளில் நெடும்பயணம் போகாதே. சேவல் நாளில் விருந்து வைக்காதே. பன்றி நாளில் திருமணம் செய்யாதே. இத்தனை அடுக்குகள் இருந்தால் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்குமா? ஷிஜி என்னும் பழைய சீன வரலாற்று நூல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. கி.மு. 141 முதல் 87 வரை ஆண்ட ஹான் பேரரசர் வூ, நாள் கணிக்கும் பல நெறியினரை அழைத்து, குறிப்பிட்ட ஒரு நாளில் பெண் கொள்ளலாமா என்று கேட்டார். ஐம்பூத நெறியார் ஆகும் என்றனர். பன்னிரண்டு சொல் நெறியார் ஆகாது என்றனர். ஒருவர் பெருங்கேடு என்றார், ஒருவர் சிறுகேடு என்றார், மற்றொருவர் பெருநன்மை என்றார். வழக்கு முடியவில்லை. ஐம்பூத நெறியை முதன்மையாகக் கொள்க என்று பேரரசரே ஆணையிட்டு முடித்தார். அதன் பிறகும் முரண்கள் பெருகிக்கொண்டே போயின. 18ஆம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசர் அவற்றைச் சீர்ப்படுத்தி 36 பகுதிகள் கொண்ட பெருந்தொகுப்பு ஒன்றை உருவாக்கச் செய்தார்.

எதிர்க்குரலும் அந்த மண்ணிலேயே பிறந்தது. எலி நாளில் தலை முழுகினால் பிறர் அன்பைப் பெறலாம், முயல் நாளில் முழுகினால் முடி நரைக்கும் என்று சொல்லும் ஏடு ஒன்று கி.பி. முதல் நூற்றாண்டில் வழக்கில் இருந்தது. அறிஞர் வாங் சோங் அதைப் பார்த்துக் கேட்டார்: அழகின்மைக்குப் பேர்போன மோமு எலி நாளில் முழுகினால் அவள்மேல் காதல் வந்துவிடுமா? பதினைந்து வயதுப் பெண் முயல் நாளில் முழுகினால் அவள் கூந்தல் நரைத்துவிடுமா? நாள் பார்க்கும் கலையை நான் விரும்பிக் கற்றவன்; ஆனாலும் இந்தக் கேள்விகளுக்கு மறுமொழி கிடையாது என்று ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. இரண்டு புத்தாண்டுகளுக்கு இடையே ‘லிச்சுன்’ வராமல் போனால் அது குருட்டு ஆண்டு, விதவை ஆண்டு என்று சொல்லித் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். 2024 பிப்ரவரி 10இல் பிறந்த டிராகன் ஆண்டு அப்படிப்பட்டது. சீனாவில் 2023இல் 76 லட்சத்து 80 ஆயிரமாக இருந்த திருமணப் பதிவுகள் 2024இல் 61 லட்சமாக இறங்கின. இளையோர் தொகை குறைந்ததும், வாழ்க்கைச் செலவு ஏறியதும், மணம் வேண்டாம் என்ற மனநிலை வளர்ந்ததும் பெரிய காரணங்கள். ஆண்டின் பெயரும் அவற்றோடு சேர்ந்து பேசப்பட்டது. 19 ஆண்டுச் சுற்றில் 7 ஆண்டுகள் இப்படி லிச்சுன் இல்லாமல்தான் கழியும். 2019இல் பிறந்த பன்றி ஆண்டும், 2021இல் பிறந்த எருது ஆண்டும் அப்படித்தான் இருந்தன. எந்த வேலைக்கு, எந்த மனிதருக்கு என்று ஒவ்வொரு நாளையும் நிறுத்துப் பார்க்கும் ஒரு முறையின் பெயரால் ஓர் ஆண்டு முழுவதையும் ஒதுக்கிவைப்பது அந்த முறைக்கே பொருந்தாத செயல் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் பக்கத்து வீட்டு ஹொக்கியன் பாட்டியிடம் இந்தப் பிழையை நான் கண்டதில்லை. அவருடைய மகன் புது வீடு வாங்கி, ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிபோக நினைத்தார். அன்று விடுமுறை, நண்பர்கள் சாமான் தூக்க வருவார்கள். பாட்டி தாளைப் பார்த்தார். எருது மாதம், சேவல் நாள், ‘கைகூடல்’. குடிபுக ஏற்ற நாள்தான். ஆனால் மகன் 1975இல் பிறந்த முயல். சேவல் முயலுக்கு எதிரே நிற்கிறது. பாட்டி விரல் கணுவில் இரண்டு நாள் தள்ளி எண்ணினார். செவ்வாய்க்கிழமை பன்றி நாள், பன்றியும் முயலும் ஆடும் ஒத்துப்போகும் விலங்குகள், சொல்லும் ‘திறப்பு’. அதே பன்றி நாள் கல்யாணத்துக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகும் என்று என்னிடம் விளக்கினார். ‘செவ்வாய் வெறுவாய்’ என்று கேட்டு வளர்ந்த என் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையா என்று கேட்டாள். அவர்கள் மொழியில் செவ்வாய்க்கு வாரத்தின் இரண்டாம் நாள் என்பதற்கு மேல் பெயர் கிடையாது. பாட்டிக்கு அவளுடைய கலக்கம் விளங்கவில்லை. மகன் விடுப்பு எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை அரிசி நிறைந்த வாளியை முதலில் உள்ளே வைத்தார்கள். பிறகு பாட்டி, ஹொக்கியனில் ‘வளம் வருக’ என்று ஒலிக்கும் ‘ஓங் லாய்’ என்ற பெயருக்காகவே வாங்கி வந்த அன்னாசிப் பழத்தை வாசற்படியைத் தாண்டி உள்ளே உருட்டிவிட்டார். அது கூடத்தின் நடுவரை உருண்டு சென்று நின்றது. என் மனைவி எங்கள் பங்குக்கு ஒரு பானை பாலோடு நிலைப்படியருகே நின்றுகொண்டிருந்தாள். பாட்டி அவள் கையைப் பிடித்துப் புது அடுப்படிக்கு அழைத்துச் சென்றார்.

நன்றி, வணக்கம்.