காத்திருப்பதும் வேலைதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மே தினத்துக்காக இந்தக் கோயில் மண்டபத்தில் கூடியிருக்கும் சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம்.

"ஆம்புலன்ஸ் ஊழியரின் ஷிப்டை மாற்றுவது நிர்வாகத்தின் உரிமையா, சங்கத்தோடு பேசி முடிக்க வேண்டியதா?" இதுதான் தலைப்பு. பேசித்தான் முடிக்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். 19 வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன் நான். தனியார் நிறுவனம், பெயர் வேண்டாம். ஆகவே நடுநிலையாளன் மாதிரி நடிக்கப் போவதில்லை. அந்த வேலைக்கு நடுவர் இருக்கிறார்.

எதிரணித் தலைவர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "மாரடைப்பு வந்தவனைத் தரையில் கிடத்திவிட்டு, பக்கத்தில் மேசை போட்டுப் பேச்சுவார்த்தை நடத்துவீர்களா?" எல்லாரும் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, மாரடைப்பு வந்த நேரத்தில் யாரும் ரோஸ்டர், அதாவது ஷிப்டு அட்டவணை, போடுவதில்லை. அது முந்தின மாதக் கடைசியில், ஏர்கோன் அறையில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து போடுவது. அந்த அறையில் இன்னும் ரெண்டு நாற்காலி போட இடமில்லையா என்பதுதான் என் கேள்வி.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எட்டு எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அறிவிப்புப் பலகையில் புதுத் தாள். இனிமேல் 12 மணி நேர ஷிப்டு, காலை 7 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7. நாலு நாள் வேலை, ரெண்டு நாள் ஓய்வு. எங்களோடு வேலை செய்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சந்தோஷப்பட்டார்கள்! "அண்ணே, சேர்ந்தாப்ல ரெண்டு நாள் லீவு!"

சங்கச் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டார். 21 நாளில் 14 ஷிப்டு. 14 பெருக்கல் 12, 168 மணி நேரம். வாரத்துக்கு 56. நம் மலேசிய வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? 48 மணி நேரமாக இருந்த வேலை வாரம் 2023 ஜனவரி 1 முதல் 45. ஷிப்டு வேலையில் ஒரு வாரம் கூடலாம், ஒரு வாரம் குறையலாம். ஆனால் மூன்று வாரச் சராசரி 45-ஐத் தாண்டக் கூடாது. மூன்று வாரத்துக்கு 135. மீதி 33 மணி நேரத்துக்கு யார் ஓ.டி., அதாவது கூடுதல் நேரச் சம்பளம், கட்டுவது?

தாளில் எழுதாத வரி ஒன்றும் இருந்தது. பழைய முறைக்கு நாலு குழு தேவை. புதிய முறைக்கு மூன்றே போதும். ஒரு குழுவையே காணாமல் செய்யும் திட்டத்துக்கு "ரெண்டு நாள் லீவு" என்று முலாம் பூசியிருந்தார்கள்.

பேச்சுவார்த்தையில் இதைக் கேட்டோம். வந்த பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "12 மணி நேரத்தில் நாலு மணி நேரம் ஸ்டான்ட்பைதானே? சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அதை எப்படி வேலை என்று எண்ணுவது?" அந்தக் கணக்குப்படி வாரத்துக்கு 37 மணி நேரம்தான் வருகிறது. இன்னும் எட்டு மணி நேரம் நாங்கள்தான் கம்பெனிக்குக் கடன்!

அந்தச் சும்மாவைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். ஸ்டான்ட்பையில் அழைப்புக்குக் காத்திருப்பவன் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்திருப்பான். சம்பல் வாசம் வரும், கை போகாது. காலில் பூட்ஸ், கயிறு அவிழ்க்கவில்லை. கழிப்பறைக்குப் போவதென்றால்கூடக் கூட்டாளியிடம் சொல்லிவிட்டுப் போவான். போன் அடித்தால் சோறு அங்கே, வண்டி இங்கே. திரும்பி வரும்போது பொட்டலத்தில் எறும்பு. இதுவா சும்மா? வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவைப் படியுங்கள். வேலை நேரம் என்றால் என்ன என்று அதிலேயே இருக்கிறது. தொழிலாளி முதலாளியின் கைவசம் இருந்து, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் எல்லாம் வேலை நேரம். அதை மேசைமேல் வைத்தோம். அதற்குப் பிறகு 'சும்மா' என்ற சொல் அந்த அறையில் வரவேயில்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். இரவு ஷிப்டுக்காரன் பகலில் எப்படியோ கண்ணயர்ந்து, பிற்பகல் 2 மணிக்குப் பிள்ளைகள் சத்தத்தில் எழுந்துவிடுகிறான் என்று வையுங்கள். மறுநாள் காலை 7 மணிக்கு அவன் விழித்து 17 மணி நேரம். அப்படி 17 மணி நேரம் விழித்தவனின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவன் அளவுக்குத் தடுமாறும் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2020-இல் நம் நாட்டில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பைக் குறைத்தார்களே, எவ்வளவுக்கு? அதே 0.05-க்கு. குடித்தவனைப் போலீஸ் பிடிக்கிறது. தூங்காதவனுக்கு நாம் சைரன் போட்டு வழி விடுகிறோம்.

"சங்கம் என்றாலே முடியாது என்பதுதானே?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். இல்லை அக்கா. 12 மணி நேர ஷிப்டை நாங்கள் ஒத்துக்கொண்டோம். ஒரு நாளில் மூன்று முறை ஷிப்டு கைமாறுவது ரெண்டு முறையாகும், அது நோயாளிக்கும் நல்லது என்று நிர்வாகம் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் கேட்டது பகல் ரெண்டு, இரவு ரெண்டு, ஓய்வு நாலு. வாரச் சராசரி 42. நாலு குழு நாலாகவே நின்றது.

இன்னொன்று, எந்தக் கணினியிலும் தெரியாதது. காலை 6.50-க்கு அழைப்பு வரும். போகிறவன் போயே ஆக வேண்டும். நோயாளியை ஏற்றி, ஈப்போவுக்கு ஓடி, அவசரப் பிரிவில் ஒப்படைத்து, வண்டியைக் கழுவி வருவதற்குள் மணி 9 தாண்டும். 7 மணிக்கு வந்தவன் வண்டியில்லாமல் நிற்பான். எங்களோடு இருந்த மலாய்க்கார அபாங் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: ரெண்டு வண்டியும் ஏன் 7 மணிக்கே மாற வேண்டும்? ஒன்று 7, ஒன்று 8 என்று வையுங்கள். 6.30-க்கு மேல் வருகிற அழைப்பு 8 மணி வண்டிக்குப் போகட்டும். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காசு செலவில்லாத யோசனை. ஆக்சிஜன் உருளை, சக்‌ஷன், மானிட்டர் பேட்டரி எல்லாம் சரிபார்க்கும் 15 நிமிடத்தையும் ஷிப்டு நேரத்துக்குள்ளேயே கொண்டுவந்தோம். அதுவரை அதைச் சம்பளமில்லாமல்தான் செய்துகொண்டிருந்தோம்.

தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் எங்கள் டியூட்டியைப் பார்ப்பார்கள், நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் அவர்களுடையதை. புதுத் தாள் இந்த மாற்றலையும் தடை செய்திருந்தது. அதையும் பேசித்தான் மீட்டோம்.

சட்டப்படி வேலை ஒதுக்குவது முதலாளி உரிமை என்றார்கள். உண்மை. 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எந்த வண்டியில் யார் ஏறுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். எத்தனை மணி நேரம் என்பது வேறு கணக்கு. வேலை நிறுத்தப் பூச்சாண்டியும் காட்டினார்கள். நாங்கள் ஒருநாளும் வண்டியை நிறுத்தவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது! அன்றைய நிர்வாகத்துக்கு அது அற்ப விஷயமாகத்தான் பட்டிருக்கும். சைக்கிளில் போனவனுக்குத்தான் தெரியும்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். ஒன்று மட்டும். இந்த விழாவுக்காக மண்டப வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்கிறது. வரும்போது அதிலிருந்த தம்பியிடம் பேசினேன். 7 மணிக்கு முடிய வேண்டியவன். இப்போது மணி 9.10, மாற்று ஆள் இன்னும் வரவில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் எந்தப் பக்கம் சொன்னாலும் சரி, கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். அவன் இன்னும் சாப்பிடவில்லை.