வயதான ஜீப்புக்கு வீட்டு வாசலே பட்டறை

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

காடு மேடு ஏறும் பழைய ஜீப்பைப் பார்த்துக்கொள்ள ஏற்ற இடம் பட்டறையா, வீடா? வீடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். "பயிற்சி பெற்ற கை வேறு, ஆர்வமுள்ள கை வேறு" என்றார். "பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் வீட்டில் வைத்துக் கை பழகக் கூடாது" என்றார். இரண்டாவதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கையைப் பற்றிப் பேசுவோம்.

புது வண்டியில் ஏதாவது ஒரு பாகம் கெடும், மாற்றினால் முடிந்தது. முப்பது வருடம் ஓடிய ஜீப் அப்படிக் கெடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், கசியும், துருவேறும். போன மாதம் எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இந்த மாதம் கூடியிருப்பது தெரியும். பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறையோ இரு முறையோதான் அந்த வண்டியைப் பார்க்கிறார். உடையவன் பார்க்காத பயிர் உருப்படாது என்பார்களே, அது இரும்புக்கும் பொருந்தும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் ஜீப்பின் பின் அச்சிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. பட்டறையில் காட்டினேன். "பழைய வண்டி, சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து டிஃபரன்ஷியலின், அதாவது அச்சின் நடுவே இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியின், அடி போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் பால்போல வெளுத்து ஊற்றியது. உள்ளே தண்ணீர்!

எப்படிப் போனது? நெடுநேரம் ஓடிச் சூடான அச்சுக்குள் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு ஓடையில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கும். அப்போது வெளிக்காற்றை உள்ளே விட, அச்சின் மேல் பிரீதர் என்று விரல்நுனி அளவு ஒரு சாமான் உண்டு. என் வண்டியில் அது சேறு பிடித்து அடைந்து கிடந்தது. காற்றுக்கு வழி இல்லாததால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீலின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. ஆயிலோடு தண்ணீர் சேர்ந்தால் பேரிங்கும் பல்சக்கரமும் என்னாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பிரீதரைக் கழுவி, அதிலிருந்து ஒரு குழாயை என்ஜின் அறையின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். ஆயிலை மாற்றினேன், சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் மாற்றினேன். மொத்தத்தில் இரண்டு மதிய நேர வேலை. இன்றுவரை தண்ணீரைத் தாண்டி வந்தால் முதலில் அந்த ஆயிலைத்தான் பார்க்கிறேன். இந்தக் கவலையைப் பட்டறையிடம் எப்படி எதிர்பார்ப்பது?

இப்படிப் பல உண்டு. கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது கீழே 'டொக்' என்று கேட்டால் என்ஜின் விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸை, அதாவது அதன் முனையில் வளைந்துகொடுக்கும் இணைப்பை, பார்க்க வேண்டும். அதன் மூடி ஓரத்தில் செந்தூள் படிந்திருந்தால் கிரீஸ் வற்றி நாளாகிவிட்டது என்று அர்த்தம். ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கர ஹப்புக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அதிகமாகக் கொதிப்பது தெரிந்துவிடும். அங்கே பேரிங் இறுகியிருக்கும், இல்லை பிரேக் பிடித்தபடியே நிற்கும். இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

துரு இருக்கிறதே, அதுதான் பழைய ஜீப்பின் எமன். சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், பெட்டிபோல இருக்கும் வண்டிகளில் சேறு உள்ளே புகுந்து, வடிகால் துளையை அடைத்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். 1948-இல் வந்த லேண்ட் ரோவருக்கு உடல் அலுமினியம், சேசிஸ் எஃகு. இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் அரிக்க ஆரம்பித்துவிடும். குழாயை உள்ளே விட்டுச் சேறு வரும்வரை கழுவுவதும், ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டித் தட்டி ஓசை மாறும் இடத்தைத் தேடுவதும் பொறுமையான வேலை. மணிக்கணக்கில் கூலி பேசும் இடத்தில் அந்தப் பொறுமைக்கு நேரம் கிடையாது.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். உயிர் சம்பந்தப்பட்டதுதான், மறுக்கவில்லை. அதனால்தான் வீட்டில் பார்க்கச் சொல்கிறேன். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அதன் தர அளவு. ஈரத்தை இழுத்த ஆயிலுக்கு அதே தர அளவு 155-ஆக இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றி, பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுப்பது, பெடலை மிதிக்க ஒருவர், ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் நிப்பிளைத் திறக்க ஒருவர் என்று வீட்டில் இரண்டு பேர் செய்கிற வேலை. நாள் தவறாமல் நடப்பது சொந்தக்காரர் கையில்தான்.

பாதுகாப்பு? ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பழைய லேண்ட் ரோவரில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக மற்றது உருளும், ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி நகரும். தன் வண்டியைப் படித்தவருக்கு இது தெரியும். எல்லா வண்டியையும் ஒரே மாதிரி தூக்குகிற கைக்கு?

எதிரணிக்கு ஒன்றை மனதார ஒப்புக்கொள்கிறேன். டீசல் பம்ப், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களின் பொருத்தம், சேசிஸ் வெல்டிங், இவை பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அங்கேயும் என்ன கோளாறு என்று தெரிந்து போகிறவருக்குத்தான் சரியான வேலை நடக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒருமுறை பாதை இல்லாத இடத்தில் பாறை இடித்து என் பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. கூப்பிட ஆளில்லை, இருட்டிக்கொண்டு வந்தது. கிராஸ் மாற்றுவதற்காக அந்த ஷாஃப்ட்டை வீட்டு வாசலில் மூன்று முறை இறக்கியிருக்கிறேன். எந்த ஸ்பானர், எந்த நட்டு முதலில் என்று கைக்கே தெரிந்திருந்தது. எட்டு நட்டைக் கழற்றி ஷாஃப்ட்டை எடுத்துப் பின்னால் போட்டேன், நாலு சக்கர ஓட்டத்துக்கான லீவரைத் தள்ளினேன். முன் அச்சு மட்டுமே இழுக்க, மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை வீட்டின் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.