ஓட்டுரிமையே இல்லாத தெருவுக்குத் தண்ணி விடுறது யாரு? அணையோர முகாமும் ஊராட்சியும்

உங்க ஊராட்சியில ஒரு தெரு. வீடு இருக்கு, வீடு நிறைய ஆள் இருக்கு. ஓட்டுப் போடுற உரிமைதான் இல்ல. அந்தத் தெருவுக்குத் தண்ணி யார் பொறுப்பு? "கலெக்டர்"னு சொன்னவங்களுக்குப் பாதி மார்க்!

மேப்பைப் பாருங்க. நாகாவதி அணை, வாணியாறு அணை, தும்பலஅள்ளி அணை, ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்கள் பலதும் அணையை ஒட்டியே இருக்கு. நான் சொன்ன தெரு அதுதான். ஆனா அணைத் தண்ணி வயலுக்கு; குடிக்கிறதுக்குக் குழாயைத்தான் பார்க்கணும்.

பின்னணி, வேகமா: முகாம்ல இருக்கிறவங்க இலங்கையில நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவங்க. 1951 அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்துப் போடல. தமிழக அரசு உதவித்தொகை, 2021-ல அறிவிச்சபடி, குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபாய், மத்த பெரியவங்களுக்கு 1,000, 12 வயசுக்குக் கீழ 500. முகாம் நிர்வாகம் மாவட்ட அளவுல கலெக்டர், வருவாய் அதிகாரிகள் கையில. முடிஞ்சது.

இங்கிலாந்துல என்ன கதை தெரியுமா? தஞ்சம் கேட்டு வர்றவங்களுக்கு வீடு ஏற்பாடு பண்றது உள்துறை, அதுவும் தனியார் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் விட்டு. ஆனா பிள்ளைக்குப் பள்ளியில இடம் பிடிக்கிறது, பெத்தவங்க இல்லாம தனியா வந்த பிள்ளையைப் பராமரிக்கிறது எல்லாம் உள்ளூர் கவுன்சில் தலையில. விருந்தாளியைக் கூப்பிட்டது பெரியப்பா, அடுப்படியில நிக்கிறது நீங்க! நம்ம ஊராட்சி நிலைமையும் இதேதான்: முகாம் கலெக்டர் கையில, தண்ணி விடுறது ஊராட்சி தலையில.

இப்போ கணக்கு. கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணி தர்ற மத்திய அரசோட ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். முகாம்ல 100 குடும்பம், வீட்டுக்கு 4 பேர்னு வைங்க: 22,000 லிட்டர். அதே தொட்டியில ஊர்க்காரங்க 1,000 பேர் குடிச்சா இன்னொரு 55,000. மொத்தம் 77,000. தொட்டி 30,000 லிட்டர்னா தினம் மூணு தடவை ஏத்தணும். வாக்காளர் பட்டியலை வெச்சுத் தலையை எண்ணினீங்கன்னா முகாம் மொத்தமா விடுபடும், ரெண்டு தடவையோட மோட்டாரை நிறுத்திடுவாங்க. காயறது லைன் கடைசியில இருக்கிற குழாய். சண்டை அங்கதான் பிறக்குது. "அவங்க வந்ததாலதான்"னு பேச்சு வரும். நடுவுல எவனோ குழாய்ல மோட்டார் போட்டு உறிஞ்சிட்டு சத்தமில்லாம இருப்பான்!

என்ன பண்ணலாம்? முகாம் லைனுக்குத் தண்ணியைத் திறந்து மூட தனி கேட் வால்வு. எந்தத் தெருவுக்கு எப்போ தண்ணின்னு ரெண்டு பக்க ஆளும் பார்க்கிற இடத்துல போர்டு. என்னைக் கேட்டா, நல்லிணக்கக் கூட்டம் பத்து போடுறதை விட இந்த போர்டு மேல்.

சிக்கல் எங்கன்னா, 1994 ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்கதான் கிராம சபை உறுப்பினர். அதனால முகாம் கோரிக்கையை ஊர்க்காரர் ஒருத்தர் கொண்டு வரணும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்கூட்டியே ஊராட்சிச் செயலர்கிட்ட எழுதிக் கொடுங்க. "தண்ணீர் வசதி செய்ய வேண்டும்"னு பொத்தாம்பொதுவா தீர்மானம் போட்டா எந்த இன்ஜினியரும் எஸ்டிமேட் போட முடியாது. வால்வு எந்த இடத்துல, பைப் எத்தனை மீட்டர், எத்தனை வீடு, எல்லாம் வரணும். நகல் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்கு ஒன்னு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல ஒன்னு. தர்மபுரி, கிருஷ்ணகிரி உட்பட 27 மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல முடிஞ்சு, பிடிஓவே தனி அலுவலரா நிர்வாகத்துக்கு வந்ததால, பிடிஓ நகலை விட்டுடாதீங்க.

உங்க ஊர்த் தொட்டி எத்தனை லிட்டர்? தொட்டி மேலேயே எழுதியிருக்கும். பார்த்துட்டு, தினம் எத்தனை தடவை ஏத்துறாங்கன்னு ஆபரேட்டர் அண்ணன்கிட்ட கேட்டு கமெண்ட்ல போடுங்க. கணக்கு நான் போட்டுத் தர்றேன்.