வேலையைப் பார்த்துக் கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம்.

சிறு தொழில் நடத்துபவர்களும், கம்பெனிகளில் பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்குபவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "போனஸோ இன்க்ரிமென்ட்டோ எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் நன்றாக உழைப்பவருக்கு மனசு விட்டுப்போகிறது. கூட்டிக் குறைத்துக் கொடுத்தால் பாரபட்சம் என்கிறார்கள். என்னதான் செய்வது?"

நம் நாட்டு போனஸ் சட்டத்திலேயே இதற்கு ஒரு வழி உண்டு. 1965-இல் வந்த அந்தச் சட்டம், பின்னால் செய்த திருத்தங்களுக்குப் பிறகு, தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், தரவேண்டும் என்றது. நஷ்டத்தில் ஓடினாலும் தரவேண்டும். மேல் வரம்பு 20 சதவீதம். உற்பத்தியை வைத்து போனஸைக் கணக்கிட ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் 1976-இல் இடம் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளர்களே கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. மேலே எவ்வளவு வித்தியாசம் வந்தாலும் அடியில் கைவைக்க முடியாது. மிக நியாயமான ஏற்பாடு என்பேன்.

பணத்துக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் லீவுக்கும் மரியாதைக்கும் இதே கணக்குதான். சுமாராக வேலை செய்பவரிடம் குரலை உயர்த்த யாருக்கும் உரிமை இல்லை.

சரி, மேலே உள்ள வித்தியாசத்தை எப்படி முடிவு செய்வது? அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஆட்களை முதல் 20 சதவீதம், நடுவில் 70, கடைசி 10 என்று பிரித்தார். கடைசி 10 சதவீதத்துக்கு அங்கே இடமில்லை. பல நிறுவனங்கள் இதைப் பின்பற்றின. இந்த முறையில், பத்துப் பேரும் உயிரைக் கொடுத்து உழைத்த டீமிலும் ஒருவரைக் கடைசியில் நிறுத்தியாக வேண்டும். வேலையைப் பார்ப்பதற்கு முன்பே தோற்பவர் எத்தனை பேர் என்று முடிவாகிவிடுகிறது. பக்கத்து சீட்காரர் சறுக்கினால்தான் எனக்கு நல்லது என்றால், அவருக்கு நான் எதையாவது சொல்லிக்கொடுப்பேனா? மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இப்படித் தரம் பிரிப்பதைக் கைவிட்டது.

ஆளோடு ஆளை ஒப்பிடாதீர்கள். வருடத் தொடக்கத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அதோடு ஒப்பிடுங்கள். அப்புறம், அவருக்குக் கிடைத்த மெஷினையும் பாருங்கள். நூல் அறுந்துகொண்டே இருக்கும் பழைய மெஷினில் தைப்பவரின் பீஸ் கணக்கைப் புது மெஷின்காரரின் கணக்கோடு வைத்துப் பார்ப்பது அநியாயம்.

இந்த முறை இன்க்ரிமென்ட் கடிதத்தைக் கவரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, ஏன் இவ்வளவு என்று சொல்லுங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள். அவர் பக்கம் நியாயம் இருந்தால், தொகையை மாற்றுங்கள்.